சூட்டில் சாகாதது

அருள்புரம் சாயப்பட்டறையில், காலையில் மெஷினிலிருந்து இறங்கிய பனியன் துணியை முதலாளி மகுடேஸ்வரன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

"காசிமாயா, துணியாப்பா இது? அப்பளமாட்ட இருக்குது."

மெஷின் ஓட்டும் காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். "எப்பயும் போலத்தேன் மொதலாளி. எண்பது டிகிரி ஏத்தி என்சைமக் கொன்னுட்டுத்தேன் தண்ணிய மாத்துனேன்."

"நீ கொன்னது என்ற துணிய. கெளம்பு. ஊருக்கே போயிரு."

துணியின் மேல் நிற்கும் பிசிறைத் தின்று வழவழப்பாக்கும் மருந்து என்சைம். வேலை முடிந்ததும் சூடேற்றி அதை நிறுத்தாவிட்டால் துணியையும் தின்னத் தொடங்கும். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது புதிதாக வந்த என்சைம். விற்க வந்தவர் சொன்ன கதையை லேப் பொறுப்பாளர் ஆஷா ஆசையோடு எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஆழ்கடலின் அடியில், தரை பிளந்து கொதிநீர் பீய்ச்சும் இடங்களில், வெயிலே எட்டாத இருட்டில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மை வேகவைத்துவிடும் சூடு அவற்றுக்குச் சுகம். இந்த என்சைம் அவற்றிடமிருந்து வந்தது.

"அப்ப நாள்பூரா பாய்லர் சூட்டுலயே கெடக்குற நம்ம வீரணனுக்குச் சொந்தமாத்தேன் இருக்கும்" என்று காசிமாயன் அன்று சிரித்தார்.

இப்போது காசிமாயன் சொன்னதைக் கேட்டு, ஆஷா லேப் வாசலிலிருந்து ஓடிவந்தாள். கதையைச் சொன்னவள், சூட்டில் இது சாகாது, சோடா ஆஷ் என்ற காரப்பொடியைக் கொட்டித்தான் நிறுத்தவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

"அண்ணே, ரெண்டாவது மெஷின்ல என்ன ஓடுது?"

"அதேதேன். இப்பத்தேன் எண்பதுக்கு ஏத்துனேன்."

"சூட்டுக்கு அது சாகாதுண்ணே. சோடாவக் கரைச்சு ஊத்துங்க, சீக்கிரம்!"

காசிமாயன் அசையவில்லை. "என்னயத்தேன் போகச் சொல்லியாச்சே தாயி."

ஆஷா முதலாளியிடம் திரும்பினாள். "சார், அண்ணன் மேல தப்பில்ல. எப்படி நிறுத்தணும்னு நான்தான் சொல்லல. அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

"அதப் பொறவு பேசிக்கலாம். ஏப்பா, நீ இப்படியே நின்னீன்னா அதுவும் போயிருமில்ல? ஓடு!"

சோடா போய்ச் சேர்ந்தபின், ஈரத்துணியை மூவருமாக இழுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் மெலிந்திருந்தது. கிழியவில்லை.

மகுடேஸ்வரன் நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏன் கண்ணு, அந்தக் கடல் சமாச்சாரத்துல இன்னும் ஏதாச்சும் சொல்லாம உட்டிருக்கியா?"

"இல்லீங்க சார்."

"மூணாவது மெஷினுக்குத் துணி ஏத்து, காசிமாயா" என்றபடி ஆபீசுக்குப் போனார்.

காசிமாயன் உடனே போகவில்லை. கவிழ்ந்து கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் எழும்வரை ஆஷா பக்கத்திலேயே நின்றாள்.