சந்தை சிரித்த காட்சி

படம் எடுப்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். ராணுவ ஆட்சி நாளில் எங்கள் சந்தைகளில் நடந்ததை என்னைப்போல் யாரும் காட்டப்போவதில்லை என்று நம்பித்தான் டூகான் ஊர்ச் சந்தைக்குக் கேமராவோடு போனேன். நடந்த அதே சந்தை, பார்த்த அதே ஜனங்கள். மறுநாள் கிளம்பியாக வேண்டும். அந்தக் காட்சி அமையாவிட்டால் என் படம் வெறும் கூடு.

ராணுவ அதிகாரியாக நடித்த நொபிலா என்னைப்போல் மோசி இனத்தான். அவன் முன்னால் மண்டியிடும் விவசாயியாக உள்ளூர்ப் பெரியவர் டோயேயைப் போட்டேன். அவர் சாமோ இனம். அங்கேதான் கோட்டைவிட்டேன். மோசிக்கும் சாமோவுக்கும் பரம்பரையாகக் கேலிமுறை. ஒருவரை ஒருவர் எவ்வளவு திட்டினாலும் கோபப்படக்கூடாது, கைநீட்டுவது மகாபாவம்.

நொபிலா துப்பாக்கியை நீட்டி, "மண்டி போடுடா," என்று உறுமினான்.

"அடிமைப் பயலே, அந்தக் கட்டையக் கீழ போட்டுட்டு என் கழுதைக்குப் புல்லு வை," என்றார் டோயே.

"வாய மூடு, நாய்த்தலை தின்னி," என்று நொபிலாவும் தன்னை மறந்தான். சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மறுபடி எடுத்தோம், மறுபடி சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரியவரே, இங்க ஆளுங்க செத்திருக்காங்க. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "செத்தது என் தம்பிம்மா. சுட்டவன் உங்காளு. தம்பியும் இப்படித்தான் அவனப் புல்லு வைக்கச் சொன்னான். நாங்களும் இப்படித்தான் சிரிச்சோம்."

"சுடுவான்னு தெரியலையா?"

"மோசிக்காரன் எப்படிம்மா எங்களச் சுடுவான்?"

எழுதி வைத்திருந்த வசனத்தைத் தூக்கிப் போட்டேன். "அப்படியே எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எடு. அதுக்குத்தானே வந்து நிக்கிறேன்."

"எல்லாரும் நல்லாச் சிரிங்க," என்றேன். "நொபிலா, அவங்க சிரிக்கும்போதே சுடு."

வெற்றுத் தோட்டாதான். சுட்டான்; டோயே விழுந்தார். ஒவ்வொரு முகத்திலும் சிரிப்பு அப்படியே நின்றுபோனதைக் கேமரா வாங்கிக்கொண்டது. இதைவிட நல்ல காட்சியை நான் எடுத்ததில்லை, வேறு எவரும் எடுத்து நான் பார்த்ததுமில்லை.

முடிந்தது என்று நான் சொன்னதும் நொபிலா துப்பாக்கியை வீசிவிட்டு ஓடிப்போய்ப் பெரியவரைத் தூக்கினான். "தாத்தா, ஏதாவது திட்டுங்க. எப்பவும் போலத் திட்டுங்க," என்று கெஞ்சினான்.

டோயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருடா," என்றார். "இப்பத் திட்ட வாய் வரல."