கிதாம் அக்காவின் மூன்றாம் தண்ணீர்

உலகத்துத் தண்ணீரையெல்லாம் கணக்குப் போடுவது என் வேலை. அம்மான் நகரத்தில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு. உலகத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, எந்தச் சதுரத்தில் எவ்வளவு மழை, மனுஷன் எவ்வளவு எடுக்கிறான், எவ்வளவு திரும்ப ஓடைக்குப் போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அது ஒரு வண்ணப் படம் போட்டுக் கொடுக்கும். பச்சை என்றால் பரவாயில்லை. சிவப்பு என்றால் தாங்காது. எனக்குத் தலை நரைத்துவிட்டது, எங்கள் நாட்டுச் சதுரம் ஒன்றுகூடப் பச்சையாகி நான் பார்த்ததில்லை.

இதுவரை அந்தப் படத்தை யாரும் சட்டை செய்ததில்லை. இந்த வருஷம்தான் மேலிடத்துக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊர்களில், சிவப்பு விழுகிற ஊருக்கு இனி இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்தானாம். உம் ஸனாபில் என்கிற ஊர் மஞ்சளில் இருந்தது, சிவப்புக்கு ஒரு இழை தள்ளி. அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். அத்தான் பக்கவாதத்தில் விழுந்து படுத்த படுக்கை. தினமும் விரிப்பு அலச வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்றால் அவள் என்ன செய்வாள்?

செவ்வாய்க்கிழமை அந்த ஊரின் தண்ணீர் நாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலிலேயே அக்கா குரல் கேட்டது.

"வாடி இன்ஜினியரம்மா! செருப்ப அங்கேயே விடு. படி இப்பத்தான் கழுவினேன்."

அவள் பெயர் கிதாம். முடிவு என்று அர்த்தம். இதோடு பெண் குழந்தை போதும் என்று அப்பா வைத்த பெயர். அதற்கப்புறம் நான் பிறந்தேன். எனக்கு நிஹாயா என்று வைத்தார், அதற்கும் அதே அர்த்தம். அலுத்துப்போன மனிதர், பாவம். அந்த அலுப்பு அப்படியே எனக்கு வந்திருக்கிறது.

அக்கா ஒரு நிமிஷம் நிற்கவில்லை. மொட்டை மாடித் தொட்டி நிரம்புகிற சத்தத்துக்கு ஒரு காது, அத்தான் கூப்பிடுகிறாரா என்று ஒரு காது. விரிப்பு அலசிய தண்ணீர் ஒரு அண்டாவுக்குப் போயிற்று. அண்டாவிலிருந்து எடுத்துத் தரை துடைத்தாள். துடைத்த தண்ணீரை வாளியில் பிடித்து, முற்றத்துத் திராட்சைக் கொடியின் வேரில் ஊற்றினாள். தொழுகைக்கு முகம் கை கால் கழுவிய தண்ணீர் புதினாத் தொட்டிக்கு. முற்றத்துச் சாக்கடை வாய் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது.

"ஒரே தண்ணிய எத்தன தடவைக்கா?"

"மூணு. முடிஞ்சா நாலாவதுக்கும் வெச்சுப்பேன்" என்று சொல்லி, மரமிய்யா என்கிற வாசனை இலை போட்ட டீயை என் முன்னால் வைத்தாள். "உங்க கம்ப்யூட்டர் கிட்ட சொல்லுடி. கிதாம் ஒரு சொட்டு வீணாக்கலன்னு."

தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இதே வாளிதான்.

அலுவலகத்துக்குத் திரும்பினேன். எங்கள் கம்ப்யூட்டர் மாடலில் ஒரு வரி உண்டு. வீட்டுக்கு வருகிற தண்ணீரில் பெரும்பங்கு சாக்கடை வழியாகப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு ஓடைக்கே திரும்பிவிடும் என்கிற வரி. எந்த ஊரிலோ வருஷம் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுதியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம் ஸனாபிலுக்கு அந்த வரியை அடித்து, திரும்புவது கொஞ்சம்தான் என்று திருத்தினேன். இவ்வளவு சிக்கனமான ஊரை எவன் தண்டிப்பான் என்று பார்க்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே ஓட விட்டேன்.

படம் வந்தது. உம் ஸனாபில் சிவந்திருந்தது.

இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஊருக்குப் போகிற அளவு பெரிய குழாயின் மீட்டர் காட்டுவது, அது மாறவே இல்லை. திரும்புகிற அளவைத்தான் நான் குறைத்தேன். போனது போனபடி இருக்க, திரும்பாவிட்டால் அந்த ஊர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்றுதானே கணக்கு? கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் தலைவர் டாக்டர் இயாதிடம் ஓடினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஊர்க் கணக்கு கொண்டாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க ஒருத்தர்தான் கொண்டு வந்தீங்க."

"அத எடுத்துடலாம் டாக்டர்."

"ஏன், பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா மிச்சம் பிடிக்கிறவளத்தான தண்டிக்கிறோம்?"

"நிஹாயா, வீணாக்குறவன் வீட்டுத் தண்ணி ஓடைக்கு வந்துடுது. கீழ இருக்கிற விவசாயி அத நம்பித்தான் தக்காளி போடுறான். உங்க அக்கா கொடிக்கு ஊத்தினது அவனுக்கு வருதா?"

மோசமான மனிதராக இருந்தாலாவது திட்டியிருப்பேன்.

"சந்தேகம்னா அடுத்த செவ்வாய்க்கிழமை நம்ம ஆள் ஒருத்தர் போய்ப் பாக்கட்டும்" என்றார். "சாக்கடையில தண்ணி போச்சுன்னா பழைய வரியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆள் வராங்களா? வரட்டும், வரட்டும்! நீ வந்துட்டுப் போனப்பவே, ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சுட்டேன். எதிர் வீட்டு உம் ராமி, சோம்பேறிக் கழுதை, அவளே புது வாளி வாங்கிட்டா."

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் தண்ணிய சாக்கடையில விடுங்க."

"என்னடி உளர்ற?"

விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அப்ப உன் கணக்குல நான் திருடி" என்றாள்.

"ஒரு நாள்தான்க்கா. அத்தானுக்காக."

"சரிடி. கொட்டிடுறேன்."

செவ்வாய்க்கிழமை அலுவலகத்து ஆளோடு நானும் போனேன். உம் ராமி வாசலில் நுரை ஓடிக்கொண்டிருந்தது. தெருவே சொன்னபடி கேட்டிருந்தது. அந்த ஆள் நேராக அக்கா வீட்டுக்குள் நுழைந்தார். என் கணக்கில் முதலில் இருந்தது அவள் வீடுதான்.

அக்கா விரிப்பு அலசி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடை வாய்க்கு வந்தாள். சிலந்தி வலையைத் துடைத்து வைத்திருந்தாள். வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. அப்படியே நின்றாள். உள்ளே அத்தான் இருமினார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்துபோய், திராட்சைக் கொடியின் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"கை வரலடி" என்றாள்.

அந்த ஆள் அதையும் குறித்துக்கொண்டார்.