விழ வேண்டிய குடிசை

ஆடிக் காற்று அடங்க வேண்டும் என்று அமராவதிபுதூரே சாமியைக் கும்பிட்டபோது, நான் ஒருத்திதான் இன்னும் ஓங்கி அடிக்கட்டும் என்று கும்பிட்டேன். பைத்தியக்காரி என்று சொல்லுங்கள், எனக்கென்ன! என் புருஷன் மலையாண்டி எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் ஒரு கீற்றுக் குடிசைக்குள் கிடந்தார். ரங்கூன் அரிசி ஆலையிலிருந்து எலும்புருக்கி நோயோடு வந்தவரை, அவருடைய அண்ணன் செம்மலை வாசற்படி ஏறவிடவில்லை.

“புள்ளகுட்டி இருக்கிற வீடு, பொன்னுத்தாயி. தோட்டத்துலயே இருக்கட்டும். குடிசைக்கு ஏதும் ஆனா, அப்ப மாட்டுக்கொட்டாயை ஒழிச்சுத் தாரேன்” என்றார், பெரிய மனசு பண்ணி.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். குடிசை விழுந்தால் என் புருஷன் வீட்டுக்கு வருவார். மாட்டுக்கொட்டகையானால் என்ன? சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். அவர் இருமினால் எழுந்து ஓடுவேன்.

அன்று சாயங்காலம் மேல்காற்று மண்ணை வாரி இறைத்தது. நான் போனபோது மேற்குப் பக்கத்துத் தட்டி பிய்ந்து தொங்கியது. கூரை தூக்கித் தூக்கி விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவள் மாதிரி உட்கார்ந்தேன்.

அவர் சிரித்தார். “ஏண்டி, முளைக்குச்சி எல்லாம் ஆடுது. நீதான் ஆட்டிவிட்டியா?”

“ஆமா, ஆட்டினேன். அதுக்கென்ன இப்ப? விழட்டும். வீட்டுக்கு வாங்க.”

“கமலை வடத்தை எடுத்துக்கிட்டு வா. கூரைக்கு மேல வீசிக் கட்டு.”

“மாட்டேன். இங்கயே கெடந்து சாகப்போறீகளா?”

அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, “கருப்பி தவழுறாளா?” என்று கேட்டார்.

எங்கள் மகளை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கிணற்று மேட்டில் நின்று நான் தூக்கிக் காட்டுவேன். தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

“தவழுறா. ஒரு எடத்துல நிக்கிறாளா! வீடு பூரா அவ ராச்சியந்தான்.”

“அப்ப கொட்டாய்க்கும் வந்துருவா. நான் துப்புன எடத்துல கைய வைப்பா. கட்டு புள்ள. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன், நல்லாக் கட்டு.”

போய் வடத்தை எடுத்து வந்தேன். அழுதுகொண்டே கட்டினேன். தண்ணீர் இறைக்கிற அந்த வடத்தைக் கூரைமேல் வீசி, ஒரு முனையைக் கமலைக் கல்லிலும் மறு முனையை வேப்பமரத்திலும் இழுத்துக் கட்டினேன். முளைக்குச்சிகளைக் கல்லால் அடித்து இறக்கினேன். தட்டியை நிமிர்த்திக் கல் அண்டக் கொடுத்தேன். “அங்குட்டு இன்னொரு சுத்து. இறுக்கு” என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போ என்று விரட்டிவிட்டார்.

விடிந்ததும் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெத்தனின் கொட்டகை வேலியில் கிடந்தது. எங்கள் குடிசை ஒரு கீற்றுக்கூட நகராமல் நின்றது. உள்ளே அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

வெளியே பிரிந்த உயிராம். உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். ஒரு நாழிகை வாசலில் கிடத்துங்கள் என்று கெஞ்சினேன், திட்டினேன், மண்ணில் புரண்டேன். ஊர் கேட்கவில்லை. தோட்டத்திலேயே குளிப்பாட்டினார்கள்.

செம்மலை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “கொட்டாயைக் கூட்டிக் கட்டில் போட்டு வச்சிருந்தேனே ஆத்தா! இந்தக் காத்துக்குக் குடிசை நிக்காது, காலையில தம்பியத் தூக்கியாந்துரலாமின்னு இருந்தேனே! எப்பிடி நின்னுச்சு?”

“நான் கட்டினேன்” என்றேன்.