பிறையோரத்தில் ஒரு சாவி

நான் தற்காலிக அறிவியல் ஆசிரியை. அன்றைய பாடத்தைத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் இந்த ஆண்டோடு வீட்டுக்கு.

ஆகவே முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் ஒழுங்காகத் தயார் செய்தேன். கணினியில் நிலவைப் பெரிதாக வைத்து, தேதியை ஒவ்வொன்றாக நகர்த்தி, திரையை அப்படியே படம்பிடித்து, ஸ்லைடுக்கு ஒன்றாக ஒட்டினேன். ஆரம்பிக்கும்போதே என் கணவரின் செய்தி ஒன்று மூலையில் வந்து உட்கார்ந்தது. வேலை கெடுமே என்று அதைச் சட்டை செய்யவில்லை.

வகுப்பில் முதல் ஸ்லைடு. மெல்லிய பிறை. ஓரத்தில் ஒரு பெட்டி: "பீரோ சாவி எங்க வச்ச?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெட்டியை மூடும் பெருக்கல் குறியை அழுத்தினேன். பெட்டி போகவில்லை, பிறை கொஞ்சம் பருத்தது. மறுபடி அழுத்தினேன். பிறை இன்னும் பருத்தது. பெட்டி அசையவில்லை.

"டீச்சர், சார் விடமாட்டேங்கிறாரு!" என்றாள், எல்லோரும் வானொலி என்று கூப்பிடும் பெண்.

மனிதர் விடாமல் அனுப்புகிறார் என்றே நினைத்தேன். கதவோரம் போய் அவருக்குப் போன் போட்டேன். "என்னங்க, சாவி கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு. அனுப்பறத நிறுத்துங்க, மானம் போகுது!"

"நான் எங்கடி அனுப்பினேன்? சாவி நேத்தே கிடைச்சாச்சு. உடம்பு சரியில்லையா உனக்கு?"

போனை வைத்தேன். அதற்குள் தலைமையாசிரியை எழுந்து வந்துவிட்டார்.

"நகருங்கம்மா. இதெல்லாம் அழுத்தி அழுத்தணும்."

அழுத்தினார். நிலவு முழுதானது. மேலும் அழுத்தினார்.

"தேயுது மேடம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"ஏன் தேயுது?" என்று எரிச்சலில் கேட்டார்.

"வெளிச்சம் படற பக்கம் நம்ம கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறையுது மேடம்," என்றாள் வானொலி.

அப்போது ஸ்லைடுகள் தீர்ந்து திரை கறுத்தது. பெட்டியும் காணோம்.

"பாத்தீங்களா, மூடிட்டேன்! பாடமும் நல்லாத்தான் புரிஞ்சிருக்கு. சாயங்காலம் வாங்க, ஆணையில கையெழுத்துப் போட்டுடறேன்."

இடைவேளையில் ஆசிரியர் அறையில் கோப்பைத் திறந்தேன். பிறையும் பெட்டியும் பழையபடி வந்தன. படத்தைப் பிடித்து இழுத்தேன். பெட்டியும் கூடவே வந்தது. நான் பிடித்த ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் அது இருந்திருக்கிறது; அழுத்தியபோதெல்லாம் அடுத்த ஸ்லைடுதான் வந்திருக்கிறது!

"மறுபடியும் வந்துடுச்சா? நகருங்க," என்று தலைமையாசிரியை பக்கத்தில் வந்து நின்றார்.

சாயங்காலம் இன்னும் ஆகவில்லை. நான் நகர்ந்து நாற்காலியைக் கொடுத்தேன்.