போதகர் தூங்காமல் இருந்த பிரசங்கம்

இதில் ஒரு வார்த்தைகூடக் கலப்படமில்லை. வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லத் தயார்.

அப்பாவின் முதுகுக்கு இரண்டாவது தலையணையைச் செருகிவிட்டு, மகள் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். அவள் இறையியல் கல்லூரியில் கடைசி வருஷம். அவர் சபையையே அழவும் சிரிக்கவும் வைத்துவிட்டு ஓய்வு பெற்ற போதகர். தன் அடக்க ஆராதனையில் மகள்தான் பிரசங்கம் பண்ண வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே ஒரு நிபந்தனை: ஒரு தடவையாவது அவரைத் தூங்கவிடாமல் முழுப் பிரசங்கத்தையும் பண்ணிக் காட்ட வேண்டும். இதுவரை ஒவ்வொரு பிரசங்கத்திலும், மூன்று குறிப்பில் இரண்டாவது முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். முழித்ததும் குறை வேறு சொல்வார்.

"பிரசங்கம் யாருக்கும்மா, பேப்பருக்கா? ஆளைப் பாரு."

டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றாள்.

"இன்னிக்கு விட்டா நாளைக்கு நான் கூட்டத்துக்கு வர முடியாது. ஆரம்பி."

பேப்பரை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். முதல் குறிப்பிலேயே மரணம் அறைக்குள் வந்துவிட்டது. பாதியில் நுழைகிறவர்களைப் போதகருக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருந்ததால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றது. இரண்டாவது குறிப்பில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது. மூன்றாவதில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சியது. போதகர் கண்ணை எடுக்கவேயில்லை. அவள் ஆமென் சொன்னாள்.

"இதுதான். கையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார். பிறகு எழுந்த மரணத்தை ரொம்ப நேரம் காக்க வைக்கவில்லை.

மறுநாள் ஆலயத்தில் மேடைப் படியிலேயே சபைச் செயலாளர் வழிமறித்தார்.

"பாப்பா, தலைமைப் போதகர் அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்காரு. நீ ஒரு ஜெபம் பண்ணிட்டு உக்காந்துக்கோ. இன்னும் பாஸ்கூடப் பண்ணலியே நீ."

"நேத்துப் பண்ணிட்டேன், அங்கிள்."

"யாரு சாட்சி?"

"இதோ படுத்திருக்காரே, கேளுங்க."

செயலாளர் பெட்டியை எட்டிப் பார்த்தார். கமிட்டிக் கூட்டங்களில் காலமெல்லாம் அவர் வாயை அடைத்த போதகரின் இடது புருவம், செத்தும் தாட்சண்யமில்லாமல் மெல்ல மேலே ஏறியது. முதல் வரிசையில் இருந்த தன் இடத்தைத் தாண்டி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார் மனிதர்.

அவள் பேசினாள். இரண்டு இடத்தில் நின்றாள். விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்ந்தாள். தலைமைப் போதகர் தான் எழுதிக்கொண்டு வந்திருந்ததை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். மூன்று குறிப்பும் முடிகிறவரை ஒருவர்கூட இருமவில்லை.

மகள் இறையியல் கல்லூரியில் சேர்வதற்கு முந்தின வருஷமே உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவந்த போதகருக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டிருந்தன.