நிறம் போன வயர்கள்

சவப்பெட்டியின் மூடியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்த சேசம்மாள், கையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். சந்தின் முனையில் முன்மூடி திறந்த நிலையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் இடுப்பு வரை குனிந்திருந்த இருவருடைய முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

"ஏ அமிர்தம், பெட்டி வந்தாச்சு. சாயங்காலப் பூசைக்கு முன்னாடி கோயிலுக்குக் கொண்டாரச் சொல்லி சாமியாரு ஆள் அனுப்பியிருக்காரு. இன்னுமாடே அதக் கிண்டிக்கிட்டு இருக்கிய?"

"கொஞ்ச நேரம் பொறுக்கா. காடி எந்திரிச்சிரும்," என்று அவருடைய தம்பி அமிர்தநாதன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"நல்லா எந்திரிக்கும். ஓட்டினவனே எந்திரிக்கல. பேசாம ஒரு லாரியக் கூப்பிடு."

அறைக்குள் அமர்ந்திருந்த லூர்தம்மாளுக்கு இந்தப் பேச்செல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலவே இருந்தது. கட்டிலில் அவருடைய கணவரும் சேசம்மாளின் மூத்த தம்பியுமான சிங்கராயர் வெள்ளை வேட்டி சட்டையில் கிடத்தப்பட்டிருந்தார். முந்தைய நாள் மாலை, தேநீர் குடித்த டம்ளரைத் தரையில் வைப்பதற்காகக் குனிந்தவர் பிறகு நிமிரவில்லை. டம்ளர் மட்டும் சிந்தாமல் நின்றது. சுற்றிலும் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விரல்களில் நகர்ந்த மணிகளில் பல, லூர்தம்மாள் தம் கையால் கோத்து முடிச்சிட்டவை. கோயில் வாசல் கடைக்கு ஜெபமாலை கட்டித் தருவது அவருடைய கைத்தொழில். குரல்கள் ஏறி இறங்கின. சாம்பிராணிப் புகை தகரக் கூரையின் அடியில் சென்று தங்கி, மழையின் வெளிச்சத்தோடு கலந்து, அந்தச் சிறிய அறை எங்கோ மெல்ல மிதந்து போவது போன்ற ஒரு மயக்கத்தைத் தந்தது.

லாரி என்ற சொல் மட்டும் அந்த மயக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அவர்கள் காடி என்று சொல்லும் அந்த ஜீப், பட்டாளத்தார் உபயோகித்துக் கழித்த வண்டி. சிங்கராயர் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்கு வாழைத்தார்களும், கல்யாண வீடுகளுக்குப் பாத்திரங்களும் அதில் போகும். தாராவியில் வசதியற்ற வீடுகளில் துக்கம் நேர்ந்தால், சயான் கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைக் கொண்டு சேர்ப்பதும் அதே வண்டிதான். பெட்டிக்கு மட்டும் அவர் கூலி வாங்கியதில்லை. "என்னைய லாரியில ஏத்திராத லூர்து. என் காடியிலயே கொண்டு போயிரு," என்று அவர் பலமுறை சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. தமக்கென்று அவர் கேட்டது அது ஒன்றே.

ஆனால் சென்ற வாரம், ஸ்டீயரிங்குக்குக் கீழே திடீரென்று புகை கிளம்பி, வண்டியின் வயரிங் முழுவதும் கருகிவிட்டது. எலி கடித்ததோ, மழைத்தண்ணீர் இறங்கியதோ தெரியவில்லை. சிங்கராயர் குர்லாவின் பழைய சாமான் கடைகளை ஒவ்வொரு நாளும் சுற்றினார். ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பினார். "ஞாயித்துக்கெழம நீயும் வா. நீ பாத்தாதான் சரியா இருக்கும்," என்றார். இன்று வெள்ளிக்கிழமை.

வாசலில் நிழல் விழுந்தது. மெக்கானிக் கரீம் பாட்சா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். சிங்கராயருக்கு நெடுநாள் சிநேகிதர். அவருடைய இரு தோள்களிலும் இரண்டு வயர்க்கட்டுகள் மாலைகளைப் போலத் தொங்கின. பின்னாலேயே அமிர்தநாதனும் வந்தார்.

"மைனி, ஒரு நிமிசம் இங்கன வாரியளா?"

"ஏய், பொணம் கெடக்கையில பொஞ்சாதி எதுக்குடே வாசலுக்கு வரணும்?" என்றார் சேசம்மாள்.

"இவிய பாத்துச் சொல்லாம அண்ணன் ஒரு பல்பு வாங்கினதில்லக்கா. ஊரே கேலி பண்ணும். இன்னைக்கு மட்டும் நாங்களா எடுத்து மாட்டுனா நல்லாவா இருக்கும்?"

லூர்தம்மாள் எழுந்திருக்கவில்லை. கண்களை மட்டும் உயர்த்தினார்.

கரீம் பாட்சா கட்டுகளை வாசற்படியில் இறக்கி வைத்தார். "தங்கச்சி, கடைக்காரன் நம்பிக் குடுத்தது. ஒண்ண எடுத்துக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுக்கணும். இது புதுசு, பிளாஸ்டிக்கு. செவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. கலருக்குக் கலர் சேத்தா வேல முடிஞ்சுது. இந்தா இது பட்டாளத்துப் பழசு. மேல நூல் பின்னினது. கலரெல்லாம் போயி, எது எதுன்னே தெரியல. ஒவ்வொண்ணா பல்பு வச்சுத் தேடணும். நம்மகிட்ட நேரமில்ல. என்னைக் கேட்டா, புதுசு."

"புதுசே போடுங்க பாய்," என்றார் அமிர்தநாதன்.

"போட்டுரலாம். ஆனா ஒண்ணுதான் விளங்கல." கரீம் பாட்சா தலையைச் சொறிந்தார். "வெளக்குப் பத்தியிலயும் சுவிட்சிலயும் எரியாம மிச்சம் இருக்குற துண்டுகளப் பாத்தேன். செவப்பு வர வேண்டிய எடத்துல பச்சை இருக்கு. பச்சைக்கு நேரா பழுப்பு. அண்ணாச்சி அவ்வளவு சுத்தமான வேலக்காரரு. கலரப் பாக்காமலா முறுக்கி வச்சாரு?"

அமிர்தநாதன் சிரித்தார். "அண்ணனுக்குக் கலரெல்லாம் ஒரு கணக்கா? ஒரு ஈஸ்டருக்கு எனக்குச் சட்ட எடுத்துக்கிட்டு வந்தாவ. 'பச்சை கேட்டியேடே, இந்தா'ன்னு நீட்டுதாவ. பாத்தா, ரத்தச் செவப்பு! நானும் என்னைய வச்சு வெளையாடுதாவன்னுதான்…"

சிரிப்பு பாதியிலேயே மெதுவாயிற்று. ஏதோ ஒன்றை நினைவில் தேடுகிறவர் போல, அவர் அண்ணனுடைய முகத்தை நோக்கினார்.

லூர்தம்மாள் எழுந்துவிட்டார்.

சிங்கராயருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றே. இது ஊரில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. திருமணமான புதிதில், ஒரு மாலை வெயிலில், சிக்னல் விளக்கின் முன் ஜீப்பை நிறுத்திவிட்டு, "இப்ப என்ன கலரு, லூர்து?" என்று அவர் கேட்டார். புதுப்பெண்ணோடு விளையாடுகிறார் என்றே லூர்தம்மாள் எண்ணிக்கொண்டார். பின்னால் வண்டிகள் கத்தத் தொடங்கிய பிறகுதான் அது விளையாட்டு அல்ல என்று புரிந்தது. அன்றிரவு சிங்கராயர் எல்லாவற்றையும் சொன்னார். ரயில்வேயில் இன்ஜின் வேலைக்குப் போனபோது, வைத்தியர் மேசை மீது கம்பளி நூல்களைப் பரப்பி, பச்சையை மட்டும் பொறுக்கச் சொன்னாராம். இவர் பொறுக்கியதைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "நீங்கள் போகலாம்" என்றாராம். வீட்டாரிடம் இவர், "காக்கி மாட்டிக்கிட்டு எவனுக்கும் சலாம் போட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். கைக்கு வந்த சர்க்கார் வேலையைத் திமிரால் உதறினான் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்தது. அவரும் அதை மறுக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லிராத லூர்து. கலர் தெரியாதவன் காடியில எவன் ஏறுவான்? பெட்டியக்கூட ஏத்த மாட்டானுவ."

அதன் பிறகு வண்டியில் லூர்தம்மாள் எப்போதும் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார். சிவப்பு என்றால் கணவரின் முழங்கையில் ஒரு தட்டு. பச்சை என்றால் இரண்டு. மனைவியை விட்டுப் பிரியாதவர் என்று ஊரார் கேலி செய்தபோது, இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வயரிங்கிலும் லூர்தம்மாள் ஜெபமாலை நூலால் ஒவ்வொன்றுக்கும் முடிச்சு வைத்துக் கொடுத்தார். பின்னால் எந்த நிறத்து வயர் கையில் கிடைத்தாலும், முடிச்சு மாறாமல் சிங்கராயர் சேர்த்துவந்தார். நிறங்கள் தாறுமாறாகிக்கொண்டே போயின. வண்டி பிசகாமல் ஓடியது.

இப்போது அந்தப் பளிச்சென்ற புதிய வயர்களை ஒவ்வொன்றாகப் பழைய துண்டுகளின் அருகில் பிடித்தால், நிறத்துக்கு நிறம் பொருந்தாமல் எல்லாம் வெளிவந்துவிடும். அமிர்தநாதன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்புச் சட்டை ஏற்கெனவே அவர் நினைவுக்கு வந்துவிட்டது.

"பழசப் போடுங்க பாய்," என்றார் லூர்தம்மாள். நேற்று மாலைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"தங்கச்சி, நான் சொன்னது…"

"இது ஆறு வோல்ட்டு காடி. புதுசு, பன்னெண்டு வோல்ட்டு காடிக்கு உள்ளது. வயரு மெல்லிசு. கனத்த வயருதான் வேணும்னு அவிய சொல்லுவாவ."

"அது வாஸ்தவம்தான். ஆனா சயான் வரைக்கும்தானே? தாங்கும்."

"தாங்காட்டி? நடுரோட்டுல பெட்டிய வச்சுக்கிட்டு நிக்கவா?"

சேசம்மாள் கன்னத்தில் கையை வைத்தார். "கேட்டியளா? புதுசு வேண்டாமாம்! கடைசியா ஒருக்கா போறதுக்கும் என் தம்பிக்குப் பழசுதானா?"

லூர்தம்மாள் பழைய கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கணம் தயங்கி, அலமாரியிலிருந்த ஜெபமாலை நூலையும் எடுத்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டினார். உள்ளே ஜெபம் ஒரு நொடி தடுமாறி, மீண்டும் தொடர்ந்தது.

தூறல் நின்றிருந்தது. ஜீப்பின் உள்ளே கருகிய வாடை இன்னும் இருந்தது. விளக்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த துண்டு ஒன்றை அவர் இரு விரல்களால் பிடித்தார்.

"பாய், கலரப் பாக்காதிய. இதத் தொட்டுப் பாருங்க. ஒரு முடிச்சு இருந்தா முன் பத்தி. ரெண்டு இருந்தா பின் பத்தி. மூணு, டைனமோ. நாலு, ஹாரன். வழியில காடி நின்னா இருட்டுல வேல பாக்கணும்லா? அதுக்காகப் போட்டது."

கரீம் பாட்சா குனிந்து, அவர் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு அடுத்த துண்டில். அதற்கடுத்ததில். அவருடைய விரல் வெகுநேரம் நகராமல் நின்றது. நிமிர்ந்து லூர்தம்மாளைப் பார்த்தார். பிறகு, தூரத்தில் புதுக் கட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அமிர்தநாதனையும் பார்த்தார்.

"ஆமா தங்கச்சி," என்றார் மெல்ல. "இருட்டுல வேல பாக்குறவருக்கு இதான் சரி." பின்பு குரலை உயர்த்தினார். "தம்பி! அந்தப் புது செட்டக் கோணியில சுத்திக் கடையில குடுத்துட்டு வந்துரு. தண்ணி பட்டா வாங்கிக்க மாட்டான், எரக்கமே இல்லாத படா கசாயி அவன். சைக்கிள எடுத்துக்கிட்டு ஜல்தி போ!"

அமிர்தநாதன் போய்விட்டார். இருவரும் வேலையில் இறங்கினார்கள். கரீம் பாட்சா பேட்டரியில் ஒரு நுனியை வைத்து, மறுநுனியில் சிறு பல்பைத் தொட்டுத் தொட்டுத் தேடுவார். அது எங்கோ மினுக்கும். "பின் பத்தி," என்பார். லூர்தம்மாள் அந்தப் பழுப்பு வயரில் இரண்டு முடிச்சுகளைப் போடுவார். வயர்கள் எல்லாம் ஒரே நிறமாக, வெயிலில் உலர்ந்த வைக்கோலைப் போல அவர் மடியில் கிடந்தன. வீட்டிலிருந்து ஜெபத்தின் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு ஜெபமாலை மணி நகரும் நேரத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. சிங்கராயர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதாகவும், சற்று நேரத்தில் கையை மட்டும் வெளியே நீட்டி அடுத்த வயரைக் கேட்பார் என்றும் லூர்தம்மாளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை அவர் விலக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

சேசம்மாள் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"அந்த ரயில்வே வேலைய உதறாம இருந்திருந்தா, இந்த ஓட்டக் காடியும் வேண்டாம், இந்த முடிச்சும் வேண்டாம். இந்நேரம் இன்ஜின் டிரைவரா இருந்திருப்பான். செத்தவனச் சொல்லக்கூடாது. ஆனா திமிருல்லா அவனுக்கு. சலாம் போட மாட்டேன்னானே!"

லூர்தம்மாளின் விரல்கள் நின்றன. ஒரே ஒரு வார்த்தை போதும். அந்தப் பழி இன்றோடு தீர்ந்துவிடும். கரீம் பாட்சா ஸ்பானரைத் தேடுவது போல முகத்தை வண்டிக்குள் நுழைத்துக்கொண்டார்.

"ஆமா மைனி," என்றார் லூர்தம்மாள். "அவியளுக்குத் திமிரு கொஞ்சம் கூடத்தான்."

சேசம்மாள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஜீப்பின் சக்கரத்தின் அருகிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார். "சின்னதிலயே அப்படித்தான்… நாம சொன்னா கேப்பானா…" லூர்தம்மாள் முடிச்சை இறுக்கிவிட்டு, ஒரு கையை அவர் தோளில் வைத்தார்.

அமிர்தநாதன் திரும்பி வந்தபோது வண்டியின் முன் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. பகல் வெளிச்சத்தில் அவை எரிவது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"அரே வாஹ்! பழசே போதும்போல," என்றார் அவர்.

"போதும்," என்றார் கரீம் பாட்சா.

பூசை முடிந்து கோயிலிலிருந்து புறப்பட்டபோது வானம் தெளிந்திருந்தது. ஜீப்பின் பின்கதவைத் தாழ்த்தி, பெட்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். உறவினர்கள் நடந்து வந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில், பக்கவாட்டுப் பலகையில் லூர்தம்மாள் உட்கார்ந்துகொண்டார். யாரும் தடுக்கவில்லை. ஓட்டுபவர் இருக்கையில் அமிர்தநாதன். அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

சயான் ரஸ்தாவில் ஈரம் பளபளத்தது. வண்டி மிக மெதுவாக ஊர்ந்தது. சாலை திரும்பும் இடத்தில் மாலை வெயில் சிக்னல் கம்பத்துக்கு நேர்ப்பின்னால் இறங்கியிருந்தது. கண் கூசும் ஒளியில் அமிர்தநாதன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்து, வண்டியை நிறுத்தினார். பின்னால் நடந்துவந்தவர்களும் நின்றார்கள்.

லூர்தம்மாளின் வலக்கை பெட்டியின் மூடி மீது இருந்தது. ஒரு விரல் உயர்ந்து, மூடியில் ஒருமுறை தட்டியது.

வெயில் பெட்டியின் வார்னிஷ் மேல் ஊர்ந்தது. ஒரு பஸ் கடந்து போயிற்று.

விரல் மறுபடியும் உயர்ந்தது. இரண்டு முறை தட்டியது. ஓசை கேட்டதோ என்னவோ, அமிர்தநாதன் திரும்பிப் பார்க்காமலே கியரைப் போட்டார்.