பெயர் எழுதாத கசெற்

ரொறன்ரோத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஹிப்-ஹொப் பேஸ் அடித்து முதன்முதல் பாட்டுக் கட்டியவன் டி.ஜே. வினோதன்தான் என்று இன்றைக்கும் யாராவது மேடையில் சொல்வதுண்டு. கேட்டதும் அந்த வினோதனான எனக்குக் காது சுடும். பெருமையில் இல்லை, வெட்கத்தில்.

தொண்ணூற்றாறில் எனக்கு இருபத்துமூன்று வயது. தலைக்கனம் அதைவிடக் கூட. அஜின்கோர்ட்டில் யோகமலர் அன்ரி வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். என் ஸ்பீக்கர் அதிர்ந்தால் மேலே அவருடைய குசினியில் கோப்பைகள் கிலுங்கும். மனிசி ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. "தம்பி, உந்த இடியைக் கொஞ்சம் குறையும். பருப்புச் சட்டி அடுப்பிலை நடக்குது" என்பார், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு கள்ளப்புத்தி உண்டு. நல்ல சத்தம் எந்த இசைத்தட்டில் கிடைத்தது என்று மற்ற டி.ஜே.க்கள் அறியக்கூடாது. அதனால் தட்டைச் சுடுதண்ணீரில் நனைத்து, நடுவில் ஒட்டிய தாளை உரித்துவிடுவோம். நான் பாட்டுப் பதியும் கசெற்றிலும் பெயர் எழுதுவதில்லை. "பேரை எழுதி வையுமன், ஒருநாளைக்கு மாறிப்போகும்" என்று அன்ரி எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

அந்த மாசியில் அன்ரி ஒரு கசெற்றோடு கீழே இறங்கி வந்தார். ஊரில் அவருடைய தம்பி துரை செத்துப்போனான். சண்டை நேரம், போக வழியில்லை. செத்தவீட்டு அழுகையைக் கசெற்றில் பதிந்து அனுப்பியிருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் தமையனுக்கு அதில் ஒரு பிரதி வேண்டுமாம்.

"நான் இன்னும் முழுக்கக் கேக்கேல்லைத் தம்பி. தொடக்கத்திலையே நிப்பாட்டிப்போட்டன். ஏலாமல் கிடக்குது."

பிரதி எடுக்கும்போது நான் முழுக்கக் கேட்டேன். அன்ரியின் அக்கா ஒப்பாரி சொல்லி அழுகிறார். "துரையே, கண்ணை முழியடா, என்ர துரையே..." கடைசியில் ஒரு விம்மல். அழவேண்டிய இடம். நாசமாய்ப் போனவன் நான், தாளம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வரியையும் விம்மலையும் வெட்டி, இழுத்து, அடியில் வயிறு அதிரும் பேஸைப் போட்டேன். இரண்டு மாதத்தில் ரெக்ஸ்டேலிலிருந்து விட்பி வரைக்கும் தமிழ்ப் பெடியளின் கார்களில் அதுதான். 'துரைப் பாட்டு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். "எங்கையடா பிடிச்சனி இந்தக் குரலை?" என்று கேட்டால், தொழில் ரகசியம் என்று சிரிப்பேன். ஆனால் வீட்டில் அந்தப் பாட்டை மட்டும் ஹெட்போன் போட்டுத்தான் கேட்பேன். பிழை என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

துரையின் ஆண்டுத்திவசம் முடிந்த பிறகுதான் அன்ரி, வயதுக்கு வந்த மகள் நிலக்சிக்குச் சாமத்தியவீடு வைத்தார். "நீர் எங்கடை வீட்டுப் பிள்ளை. நீர்தான் பாட்டுப் போடவேணும்" என்றார். மறுக்க முடியுமா?

ஞாயிறு மத்தியானம், வாடகைக்கு எடுத்த மண்டபம். ஆராத்தி முடிந்து பெரியவர்கள் சாப்பிடப் போனதும், நிலக்சி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "வினோ அண்ணா, பிளீஸ், துரைப் பாட்டு! மை ஃபிரெண்ட்ஸ் ஆர் வெயிட்டிங்!"

இங்கே பிறந்த பிள்ளை. பெரியம்மாவின் குரலை அவள் எங்கே கண்டாள்? இல்லை என்று தலையாட்டினேன். பிள்ளைகள் மேசையில் தட்டத் தொடங்கினார்கள். "வினோ! வினோ!" அன்ரி பின்னால் குசினியில் பலகாரம் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. என் பெயரை அத்தனை பேர் கத்தக் கேட்டதும் புத்தி கெட்டுப்போயிற்று. போட்டேன்.

பாதிப் பாட்டில், பேஸ் அடங்கி அழுகுரல் மட்டும் ஒலித்த இடத்தில் கதவு திறந்தது. அன்ரி பார்சல் தட்டோடு அப்படியே நின்றார். நான் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். அவர் நேரே என் மேசைக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"என்ன தம்பி, கசெற் மாறிப் போட்டிட்டீரே?"

"ஓம் அன்ரி. மாறிப்போச்சு."

"நான் அப்பவே சொன்னனான், பேரை எழுதி வையுமெண்டு. சரி, பயப்பிடாதையும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். நல்ல காரியத்திலை ஒப்பாரி கேட்டதெண்டால் சனம் உம்மைத்தான் திட்டும்."

என்னைக் காப்பாற்றப் பார்த்தார் அந்த மனிசி. அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

அதற்குள் பின்னால் பிள்ளைகள், பாட்டு நின்ற இடத்திலிருந்து தாங்களே எடுத்தார்கள். "துரையே, கண்ணை முழியடா, என்ர துரையே!" எல்லோருக்கும் மனப்பாடம். விம்மல் வரும் இடத்தில் சரியாக விம்மினார்கள். முன்னுக்கு நின்று கைதட்டிக்கொண்டிருந்தவள் நிலக்சி.

அன்ரி மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டிலிருந்து என் பெயர் எழுதிய பார்சலைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா அழுத அந்த இடத்தை நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லைத் தம்பி," என்றார். "இண்டைக்குத்தான் கேட்டன்."

அவர் குசினிக்குத் திரும்பிப் போனார். பிள்ளைகள் "வன்ஸ் மோர்" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.